மேகம் என்று தள்ளப்பட்ட தூசி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலுக்கு மேல் தூசியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். பாலைவனத்தில் புழுதி கிளம்பினால் அதுவும் தரையும் ஒரே நிறம். கடலோ மேலிருந்து பார்க்கக் கருநீலம். கொஞ்சம் தூசி மிதந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். வெயில் நீரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் பட்டையில் மட்டும்தான் தொல்லை.

2022 ஜனவரி 22, சனிக்கிழமை. பாகிஸ்தானின் தென்கரையிலிருந்து கிளம்பிய புழுதி கராச்சியை மூடிவிட்டு அரபிக்கடலுக்கு மேல் வந்திருந்தது. நான் அப்போது மும்பையில், செயற்கைக்கோள் தரவிலிருந்து காற்றிலுள்ள தூசியைக் கணக்கிடும் வேலையில் இருந்தேன். வரைபடத்தைத் திறந்தால், புழுதியின் ஓரங்களில் எண்கள் இருக்கின்றன. நடுவில், தூசி மிக அடர்த்தியாக இருக்கவேண்டிய இடத்தில், வெறும் வெள்ளை.

எங்கள் மென்பொருள் அதை மேகம் என்று தள்ளிவிட்டிருந்தது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டுத்தான் அது மேகத்தைப் பிரிக்கும். மேகம் முண்டும் முடிச்சுமாக இருக்கும், தூசி மெழுகிய தரைபோல் சீராகப் பரவும் என்பது கணக்கு. பெரும்பாலும் சரிதான். அன்று தூசி கோடு கோடாகப் பிரிந்து ஓடியது, கணக்கு தப்பிவிட்டது. எந்த நாளுக்காக இந்த வேலையைச் செய்கிறோமோ, அந்த நாளிலேயே கைவிட்டுவிட்டதே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் மீட்டியோசாட்-8 என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த அகச்சிவப்புப் படங்களை எடுத்தேன். 15 நிமிடத்துக்கு ஒன்று, அப்போது இரவிலும் வந்துகொண்டிருந்தது. மணல் துகள்கள் 10.8 மைக்ரான் அலைநீளத்தை 12 மைக்ரானைவிட அதிகம் உறிஞ்சும்; மெல்லிய பனிமேகம் அதற்கு நேர்மாறு. அந்த வித்தியாசத்தை நிறமாக்கினால் தூசி இளஞ்சிவப்பாகத் தெரியும். வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். வெள்ளையாக விட்டிருந்த அதே இடம், இளஞ்சிவப்பாகத் தென்கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மும்பை வானம் மங்கிக் கிடந்தது. கீழே நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியில் வெளுத்த பொடி. விரலால் இழுத்தேன், முகப்பவுடர்போல் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் கடலுக்கு மேல் இருந்தது இதுதான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, அந்த வெள்ளைப் பகுதியின் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.