பதினைந்தில் மூன்று

ஜூலை 4, வியாழன்

சென்னை ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கப் பாஸ் ஒன்றுதான். மதினி மேலே போனால் நான் கீழே நிற்க வேண்டும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்க்க விடுகிறார்கள். நடுவில் கிடக்கிற பகலை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? லாட்ஜ் அறையில் ஃபேன் சத்தம் தாங்கவில்லை. கீழே காத்திருக்கும் ஹாலில் எல்லார் கையிலும் ஃபைல், எல்லார் கண்ணும் லிஃப்ட் மேல்.

வெயிலுக்கு ஒதுங்கத்தான் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதமிக்குள் போனேன். கிரீம்ஸ் ரோட்டில் நாலாம் நம்பர். டிக்கெட் கிடையாது. யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நோட்டில் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், சிவகாசி.

உள்ளே இளைஞர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் கண்காட்சி. ஒரு பெரிய கித்தான் முழுக்க நீலம். கிட்டப் போனால் அது ஒரே நீலம் இல்லை. மேலே மேலே ஏழெட்டுப் பூச்சு. எங்கள் பிரஸ் மிஷினில் இந்த நீலம் வராது. சையான் நீல மையில் கொஞ்சம் மெஜந்தா சிவப்பைத் தட்டினால் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறேன். மணி பார்த்தபோது நாலரை. வந்ததிலிருந்து அண்ணனைப் பற்றி நினைக்காமல் கழிந்த முதல் பொழுது.

ஜூலை 5, வெள்ளி

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கேட்டுக்கு வெளியே நின்று அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 6, சனி

காய்ச்சல் 102. யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இறங்கியிருக்கிறது. 99.

மியூசியம். நேரே வெண்கலக் கூடத்துக்குப் போய்விட்டேன். திருவாலங்காட்டு நடராஜர். திருவெண்காட்டு அர்த்தநாரி. அர்த்தநாரியின் இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, மறுபக்கம் நிமிர்ந்து, நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து, டீச்சர் "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே அவர்களை இரண்டு நிமிடத்தில் வெளியே கூட்டிப்போனார்.

இந்த நடராஜரைப் பற்றி ரோதான் 1913-இல் எழுதினார். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு, இங்கிருந்து போன புகைப்படங்களைப் பார்த்து. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. உலகத்தின் பெரிய சிற்பி ஒருவர் நெகிழ்ந்துபோனது சிலையின் படத்தைப் பார்த்துத்தான். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். பிரதி என்றால் மட்டம் என்று பேசுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அதே வளாகத்தில் தற்காலக் கலைக்கென்று தனிக் கூடம் இருக்கிறது, 1984-இல் திறந்தது. வெண்கலக் கூடத்தில் இருந்த கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஓவியர் பணிக்கர், சிற்பி தனபால், ஓவியர் சந்தானராஜ் காலத்து ஆட்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியும்? எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

சாயங்காலம் பாஸ் எனக்குக் கிடைத்தது. அண்ணனுக்குத் தொண்டையில் குழாய், பேச முடியாது. மதினி ஒரு சின்ன பேடும் பென்சிலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "மியூசியம் போனேன்ணே" என்றேன். மெதுவாக எழுதினான்: 'என்ன கலர்?' வெண்கலம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். அது அவனுக்குப் போதுமான பதில் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைக்குப் பார்த்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

லலித் கலாவின் பின்பக்கம் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. மண்பாண்டம், சிற்பம், ஓவியம், கிராஃபிக்ஸ். கிராஃபிக்ஸ் அறைக் கதவு திறந்திருந்தது. மை வாசனை. அந்த வாசனை பிடித்துத்தான் உள்ளே போனேன். ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், பெரிய சக்கரம் வைத்த எட்சிங் பிரஸ்ஸில் தகடு ஏற்றிக்கொண்டிருந்தது.

"பார்க்கலாமாம்மா? நான் சிவகாசி, பிரஸ்ஸுல வேலை."

"வாங்கண்ணா, உள்ள வாங்க. நீங்க பார்த்தா தப்பெல்லாம் கண்டுபிடிச்சிடுவீங்களே."

துத்தநாகத் தகடு. மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிடில் போட்டு, கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகியிருக்கிறது. பள்ளத்துக்குள் மையைத் தேய்த்து உள்ளே விடுகிறது, மேலே இருப்பதைக் கிழிந்த மஸ்லின் துணியால் துடைத்து எடுக்கிறது. துடைக்கிற கைதான் எல்லாம். பிறகு நனைத்த காகிதம், அதன் மேல் கம்பளி, சக்கரத்தை ஒரு சுற்று. காகிதத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கியபோது நான் மூச்சுவிடவில்லை.

எங்களிடம் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. அலுமினியத் தகடு, எண்ணெய் ஒட்டுகிற இடம், தண்ணீர் ஒட்டுகிற இடம். அதுவும் கல்லில் வரைந்து அச்சடித்த லித்தோ முறையில் இருந்து வந்ததுதான். லித்தோ கல்லின் பேரப்பிள்ளைதான் எங்கள் ஆஃப்செட் என்று சொன்னேன். "கல்லும் இருக்குண்ணா" என்று மூலையைக் காட்டியது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று, வழவழவென்று. நாற்பது வருஷம் பிரஸ்ஸில் இருக்கிற அண்ணன் அதைத் தொட்டதில்லை.

காய்ந்த பிரிண்ட் ஒன்றின் அடியில் பென்சிலால் 3/15 என்று எழுதியிருந்தது. பதினைந்து பிரதி, அதில் இது மூன்றாவது. பதினைந்து முடிந்ததும் என்ன செய்வாய் என்றேன். "தகட்டுல குறுக்கக் கோடு போட்டு கேன்சல் பண்ணிடுவோம். அதுக்கு மேல எடுத்தா மதிப்பு போயிடும்."

எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. நல்ல தகடு. இன்னும் எத்தனையோ எடுக்கலாம். நாங்கள் ஒரு லட்சுமியை லட்சம் அடிப்போம், மிஷின் நின்றால்தான் நிறுத்துவோம். அத்தனையும் வீட்டில் மாட்டுவதற்கு, பெட்டிக்கடையில் மாட்டுவதற்கு, மாட்டுக் கொட்டகையில் மாட்டுவதற்கு. மதிப்பு என்று அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பில்லை. அதுவும் வாடகை கொடுத்துப் பிழைக்க வேண்டும். ஆனால் கீறப்போகிற அந்தத் தகடு ராத்திரியெல்லாம் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 10, புதன்

அண்ணனிடம் பிரஸ்ஸைப் பற்றி விடாமல் சொன்னேன். நர்ஸ் இரண்டு தடவை நேரமாச்சு என்றார். பேடில் எழுதினான்: 'துணி என்ன துணி?' மஸ்லின் என்றேன். 'எத்தனை துடைப்பு?'

தொழில்காரன்.

ஜூலை 12, வெள்ளி

பெரியமேடு. கவின்கலைக் கல்லூரி வாசலில் நின்றேன். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி. வைத்தியம் பார்த்த கையால் ஓவியப் பள்ளி தொடங்கியிருக்கிறார். பின்னால் தேவி பிரசாத் ராய் சௌத்ரி இங்கே முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பிறகு 1957-இல் பணிக்கர். மதராஸ் கலை இயக்கம் என்று எல்லாரும் பேசுவது இந்தக் காம்பவுண்டுக்குள் பிறந்தது.

இதே பள்ளியில் படித்தவர்தான் கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் வந்து தங்கி, அங்கே சீடர்களைச் சேர்த்து, எங்கள் ஊர் காலண்டருக்குச் சாமி முகம் கொடுத்தவர். அவருடைய கஜலட்சுமி போகாத வீடு உண்டா? 1976-இல் இறந்தார். நான் இங்கே ஏறி இறங்கிய கூடம் எதிலும் அவர் பெயரைப் பார்க்கவில்லை.

ரவிவர்மாவை மியூசியம் வைத்திருக்கிறது. அவரே 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டுத் தன் படங்களை ஊர் ஊராக அனுப்பியவர்தானே. அவருக்கு இடமுண்டு, கோவில்பட்டிக்கு இல்லையா?

அண்ணன் பொடியனாகக் கேமரா செக்‌ஷனில் சேர்ந்த காலத்தில் சீடர்கள் வரைந்த ஒரிஜினல்கள் வரும். நாலு கலராகப் பிரித்து, நெகடிவ் எடுத்து, டாட்டை, அதாவது படத்தின் பொடிப் புள்ளிகளை, கையால் திருத்துவான். "மொகத்துல மெஜந்தா ஏறிச்சுன்னா லெச்சுமிக்குக் காய்ச்ச அடிச்ச மாரி ஆயிரும்டா" என்பான். வேலை முடிந்த ஒரிஜினல் பேப்பர் கட்டுக்குப் பின்னால் போகும். கரையான் தின்னும். மழைத் தண்ணீரில் ஊறும். யாரும் தேடமாட்டார்கள். இங்கே பிரிண்ட்டைக் காப்பாற்றத் தகட்டைக் கீறுகிறார்கள். அங்கே பிரிண்ட் கிடைத்ததும் ஒரிஜினலை விட்டுவிட்டார்கள். இரண்டில் எது பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 13, சனி

மதினி சாப்பிடவே இல்லை. வற்புறுத்தி இரண்டு இட்லி.

ஜூலை 14, ஞாயிறு

மதினியே சொன்னார், "நீங்க போய்ட்டு வாங்க தம்பி, இன்னிக்கு நான் இருக்கேன். வந்து அவுககிட்ட சொல்லுங்க, கேட்டுக்கிட்டே இருக்காக." திருவான்மியூரில் பஸ் மாறி ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம்.

1966-இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் இந்த மணலை வாங்கியபோது கடலும் சவுக்கும்தான் இருந்திருக்கும். பாத்திக் துணி வரைந்து, கைவினைப் பொருள் செய்து விற்று அதில் சாப்பிட்டு, மிச்ச நேரத்தில் ஓவியம். பிழைப்புக்கு ஒரு கை, கலைக்கு ஒரு கை. அரசாங்கத்தையோ ஜமீனையோ எதிர்பார்க்கவில்லை. இதைப் படிக்கப் படிக்க ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன்பே மரியாதை வந்துவிட்டது. இப்போது அங்கே 2009-இல் திறந்த மியூசியம் இருக்கிறது. வெளியே மரத்தடியில் சிற்பங்கள். கல்லின் மேல் ஒரு ஓணான்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள். 1963-இல் தொடங்கியது. எழுத்து மாதிரியே இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. கட்டம், அதற்குள் குறி, ஓரத்தில் பொடி எழுத்து. பஞ்சாங்கப் புரூஃப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவன் நான். ஜாதகக் கட்டத்தைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வேன். எங்கள் டேபிளில் கிடக்கிற தாளை ஒரு பெரிய மனிதர் ஓவியமாகப் பார்த்திருக்கிறார்! பக்கத்தில் நின்ற காதலர்கள் "ஒண்ணும் புரியல" என்று நகர்ந்தார்கள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

பிறகு ஓவியர் ராமானுஜம். இங்கேயே வாழ்ந்து, 1973-இல், முப்பத்து மூன்று வயதில், இங்கேயே தன்னை முடித்துக்கொண்டவர். மையால் நெருக்கி நெருக்கிப் போட்ட கோடுகள். மாளிகை, இறக்கை முளைத்த பாம்பு, தேவதைகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு ஆள், அது அவரேதான். ஒரு விரல்கடை இடம்கூட வெறுமையாக விடவில்லை. வெறுமையாக விட்டால் அதில் எது வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்குள் போய்விட்டு வெளியே வர எனக்கு நேரமாயிற்று. யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் ராத்திரியில் உட்கார்ந்திருந்தால்? இப்படி நினைப்பது சரியில்லைதான், பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், பணிக்கர் அவரைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டவர். பக்கத்தில் இருந்தும் முடியாது போகிறது.

திரும்பும் பஸ்ஸில் மதினிக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. சார்ஜ் இல்லையாம்.

ஜூலை 15, திங்கள்

மேலே விடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். மதினி மேலே போனார். நான் கீழே. நாலு மணிக்கு "இப்ப பரவாயில்ல" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

விடியும் முன் ஆட்டோ பிடித்து மெரினா. உழைப்பாளர் சிலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ராய் சௌத்ரியின் வேலை, 1959-இல் வைத்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். முதுகைப் பார்த்தால் தெரியும், பாறை இன்னும் நகரவில்லை. லலித் கலா அகாதமிக்கு முதல் தலைவராக இருந்தவரும் இவரே. இதற்குக் கதவு இல்லை, நேரம் இல்லை, நோட்டில் பெயர் எழுத வேண்டாம். சுண்டல் விற்கிறவரும் பார்க்கிறார், மந்திரியும் பார்க்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் 'உழைப்பாளர் சிலை' என்று சத்தம் போட்டு இறக்கிவிடுகிறார். இந்த ஊரிலேயே அதிகப் பேர் பார்த்த கலை இதுவாகத்தான் இருக்கும்.

நாலாவது ஆளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. முதலாளி போன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும், டிசைன் இன்னும் பாதி முடியவில்லை, எப்போது வருகிறாய் என்றார். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கடைசியில்தான் கேட்டார், ஆனால் கேட்கும்போது குரல் உடைந்தது. அவரும் அவனிடம் தொழில் கற்றவர்.

ஜூலை 19, வெள்ளி

நுங்கம்பாக்கம், வாலஸ் கார்டன், அப்பாராவ் கேலரி. தனியார் கேலரிக்குள் முதல் தடவை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதா என்று யோசித்தேன். உள்ளே இருந்தவர் "வாங்க சார், பாருங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். படம் வாங்க வந்தவன் இல்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். பரவாயில்லை, பார்க்கத்தானே மாட்டியிருக்கிறார்கள். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்: கேலரியில் நுழையக் காசு வேண்டாம். பயப்படாமல் கதவைத் தள்ளு.

விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுகிறார்கள்.

சாயங்காலம் அண்ணன் கண் தெளிவாக இருந்தது. சிவப்புப் பொட்டைச் சொன்னேன். கொண்டைய ராஜுவையும் சொன்னேன், எங்கேயும் காணோம் என்று. பேடை வாங்கி நெடுநேரம் எழுதினான். கை நடுங்கியது. 'மச்சு பீரோ. மேல் தட்டு. மூணு ஒரிஜினல். ஒண்ணுல கரையான்.'

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூலை 20, சனி

மருமகனுக்குப் போன் போட்டு மச்சில் ஏறச் சொன்னேன். சுருட்டி இருந்தால் விரிக்காதே, வெயிலில் வைக்காதே, போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு என்றேன். சாவி மதினியின் முடிப்பில் இருக்கிறதாம். பூட்டை உடைக்க மதினி சம்மதிக்கவில்லை. கூரியரில் சாவி அனுப்புவதா, திங்கட்கிழமை நான் போய்விட்டு வருவதா?

எழும்பூரில் யாரிடம் கேட்டால் கரையான் பிடித்த ஓவியத்துக்கு வழி சொல்வார்கள் என்று விசாரிக்க வேண்டும். அங்கே ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லித்தோ கல்லில் பிரிண்ட் எடுக்கப் போவதாக அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. காகிதத்தின் கனம் எத்தனை ஜி.எஸ்.எம். என்று கேட்க வேண்டும். அண்ணன் கேட்பான்.