கொரோலா 110க்கு எடை குறைந்த பிளைவீல்: எவ்வளவு குறைத்தால் போதும்?

என்னுடையது கொரோலா ஏஈ110, 5ஏ-எஃப்ஈ இஞ்சின், 1498 சிசி, மனுவல் கியர். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதோடு இந்தப் பழைய கார்களுக்கு வந்த மதிப்பு உங்களுக்குத் தெரியும். இருக்கிறதையே நல்லாக்கி ஓடுவோம் என்று இறங்கியவர்களில் நானும் ஒருவன். இதுவரை செய்தது பெரிய வேலையெல்லாம் இல்லை. 4-2-1 ஹெடர் (நான்கு சிலிண்டர்களின் புகைக்குழாய்களை இரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்ப்பது), கொஞ்சம் அகலமான சைலன்சர் குழாய், நல்ல எயார் பில்டர், 92க்குப் பதிலாக 95 ஒக்டேன் பெற்றோல், அவ்வளவுதான். இப்போது கிளச் தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிட்டது. எப்படியும் கியர்பொக்ஸ் இறங்கப்போகிறது, பிளைவீலையும் (இஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் பூட்டியிருக்கும், கிளச் உராயும் பாரமான வட்டத் தட்டு) சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். கூலியில் பெரும்பங்கு கியர்பொக்ஸை இறக்கி ஏற்றத்தான் போகிறது, ஆகவே கிளச் நல்லாக இருக்கிறவர்கள் இதற்காக மட்டும் கழற்றவேண்டாம்.

பிளைவீலை இலேசாக்கினால் குதிரைவலு அதிகரிக்காது. இஞ்சின் வேகம் ஏறும் நேரத்தில் அதன் வலுவில் ஒரு பங்கு பிளைவீலைச் சுழற்றிவிடவே போகிறது, அந்தப் பங்குதான் குறைகிறது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் பாரமான பிளைவீலும் இலேசான பிளைவீலும் ஒன்றுதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் எனக்கு வடிவாக விளங்கியது. முதல் கியரில் இஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையிலான மொத்த விகிதம் சுமார் 13, ஐந்தாவதில் சுமார் 3. பிளைவீலின் சுழல் பாரம் காருக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். விளிம்புப் பக்கம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைத்தால் முதல் கியரில் காரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோவை, அதாவது ஒரு ஆளையே இறக்கிவிட்ட பலன். இரண்டாவதில் 17, 18 கிலோ. ஐந்தாவதுக்கு வந்தால் வெறும் மூன்று கிலோ. அதிவேகப் பாதையைத் தவிர, நகரத்துக்கு வெளியேயும் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் ஓட அனுமதியில்லாத நாட்டில், முதல் மூன்று கியரில் கிடைக்கும் பலன்தான் நமக்கு உண்மையில் பயன்படும் பலன்.

எத்தனை கிலோ குறைகிறது என்பதைவிட எந்த இடத்தில் குறைகிறது என்பது முக்கியம். நடுவிலிருந்து 12 சென்ரிமீற்றரில் இருக்கும் ஒரு கிலோ, 6 சென்ரிமீற்றரில் இருக்கும் ஒரு கிலோவைப்போல நான்கு மடங்கு வேலை வாங்கும். அதனால் எடையை மட்டும் போட்டு விற்கும் பிளைவீல்களை அந்த எண்ணை வைத்து ஒப்பிடக்கூடாது. பின்பக்கத்துப் படத்தையும் பாருங்கள், விளிம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. மலிவானது, இருக்கிற வார்ப்பிரும்புப் பிளைவீலையே லேத்தில் கடைவது. கழற்றியதும் வெங்காயம் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தோம், ஏழு கிலோவுக்குச் சற்று மேல். லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்த அண்ணை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடையச் சொன்னால் கடைஞ்சு தருவன், ஆனால் உது என்ன இரும்பெண்டு யோசிச்சுப் பாரும்" என்றார். பிறகு வெடிப்பு இருக்கிறதா என்று அவரே சாயம் போட்டுக் காட்டினார். முகத்தை நன்றாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை விசிறி, ஊற விட்டுத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தார். கொஞ்ச நேரத்தில் கிளச் உராயும் வட்டத்தில், நீலம் பாரித்திருந்த இடங்களைச் சுற்றி, மயிரிழை மாதிரிச் சிவப்புக் கோடுகள் மெல்ல எழும்பி வந்தன. வெறும் கண்ணுக்கு அந்த இடம் பளபளவென்று சுத்தமாகத்தான் இருந்தது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வேகமாகச் சுழலும் பிளைவீலில் இருப்பதோ முழுக்க இழுவை. வெடித்தால் துண்டுகள் கியர்பொக்ஸ் மூடியைக் கிழித்துக்கொண்டு கால்மாட்டுக்கு வரும். வெடிப்புக் கண்ட பழைய வார்ப்பிரும்பை மெலிதாக்குவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, யார் எவ்வளவு மலிவாகச் செய்துதந்தாலும் சரி.

அடுத்தது அலுமினியம். உராயும் முகத்துக்கு மட்டும் தனி இரும்புத் தட்டு திருகியிருக்கும், தேய்ந்தால் அதை மாத்திரம் மாற்றலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் சும்மா ஓடும்போது இஞ்சினைத் தாங்கிப்பிடிக்கும் பாரம் மிகவும் குறைந்துவிடும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் மத்தியானம், முன்னால் ஓட்டோ, பக்கத்தில் சைக்கிள், ஏசி போட்டபடி அங்குலம் அங்குலமாக நகரும் காருக்கு அது சரிவராது. ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும் வைத்திருக்கிறவர் எடுக்கட்டும்.

நான் எடுத்தது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோம்மொலி உருக்கில் செய்தது, சரியாக ஐந்து கிலோ, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கத்தால் வந்தது. பலமான இரும்பு என்பதால் மெலிதாகச் செய்தாலும் தாங்கும், உராயும் முகத்தில் சூட்டை வாங்கவும் போதிய தடிப்பு மிச்சம் இருக்கிறது. காசு கொடுக்க முன் பழையதோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்: கிராங்கில் பூட்டும் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, ஸ்டாட்டர் மோட்டர் கடிக்கும் றிங் கியர் பற்களின் எண்ணிக்கை, கிளச் தட்டின் விட்டம், அந்தத் தட்டை அமுக்கிப்பிடிக்கும் பிரசர் பிளேட் உட்காரும் இடத்துக்கும் உராயும் முகத்துக்கும் இடையிலான உயரம். ரொயோட்டாவின் ஏ வகை இஞ்சின்கள் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று நம்பி வாங்கிவிடவேண்டாம், உள்ளே வேறுபாடு இருக்கிறது. பிறகு புதுப் பிரசர் பிளேட்டையும் சேர்த்துப் பூட்டி பலன்ஸ் செய்வித்து, இரண்டிலும் அடையாளம் போட்டு, அதே நிலையில் ஏற்றினோம். கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீல், கிளச்சின் றிலீஸ் பெயரிங் இரண்டும் புதிது. போல்ட்டுகளை எதிரெதிராகப் பல தடவையாக இறுக்கி, கடைசியில் கைநூலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் றெஞ்சில் பார்த்தோம்.

ஓடிப் பார்த்ததில்: அக்சிலேற்றரைத் தொட்டதும் இஞ்சின் கெதியாக ஏறுகிறது, விட்டதும் கெதியாக இறங்குகிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது சின்னத் தட்டல் போதும், கியர் வெண்ணெயாக விழுகிறது. முந்திப்போகும்போது இரண்டாவது, மூன்றாவதில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கொடிகாமம் தாண்டி ஆனையிறவு வரை ஐந்தாவதில் போனால் ஒன்றும் தெரியவில்லை, அந்த வெளியில் எதிர்க்காற்றுக்கு முன்னால் மூன்று கிலோ என்ன செய்யும்.

விலை கொடுக்கவேண்டிய இடங்களும் உண்டு. கொக்குவில் தண்டவாளக் கடவை மாதிரிச் சின்ன மேட்டில் நின்று எடுக்கும்போது அக்சிலேற்றரை முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக அமத்தவேண்டும். யாழ்ப்பாணம் தட்டை நிலம் என்பதால் இது பெரிய கரைச்சல் இல்லை. கண்டி, நுவரெலியா பக்கம் அடிக்கடி ஆட்களோடும் சாமானோடும் ஏறுகிறவர் இரண்டு தரம் யோசிக்கவேண்டும். நியூட்ரலில் கிளச்சை விட்டால் கியர்பொக்ஸிலிருந்து மெல்லிய கிலுகிலுப்பு வருகிறது, அது பழுதல்ல, இஞ்சினின் துடிப்பைப் பாரமான பிளைவீல் முன்பு விழுங்கிக்கொண்டிருந்தது. ஏசி போடும்போது ஆரம்பத்தில் இஞ்சின் தாழ்ந்து நடுங்கியது. திரொட்டில் பொடியையும் ஐடில் வால்வையும் கழுவி, டயக்னோசிஸ் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்து இக்னிஷன் நேரத்தை 10 டிகிரிக்குச் சரிபார்த்து, ஐடிலை (சும்மா ஓடும் வேகத்தை) நிமிடத்துக்கு 850 சுற்றுக்குக் கொஞ்சம் ஏற்றியதும் அடங்கிவிட்டது.

இப்போது புதுக் கிளச் படியும்வரை மெதுவாகத்தான் ஓடுகிறேன். அது படிந்தபிறகு ஏசியோடு பெற்றோல் கணக்கு எப்படி வருகிறது என்று எழுதுகிறேன். டீசல் வான் வைத்திருக்கும் ஒருவர் தனக்கும் இது சரிவருமா என்று கேட்டார். இரட்டைப் பாரப் பிளைவீல் உள்ள டீசல்களில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள்தான் கியர்பொக்ஸைக் காப்பாற்றுகின்றன, அதில் கை வைக்கவேண்டாம்.