எலெக்‌ஷன் ட்யூட்டிக்கு போறவங்க ஓட்டு

ஸ்கூலுக்கு எலெக்‌ஷன் ஆர்டர் வந்துட்டா ஸ்டாஃப் ரூம்ல அன்னைக்கு பூரா ஒரே பேச்சுதான், ட்ரெயினிங் எந்த ஊர்ல, பிஓ-வா (பூத்துக்கு தலைமை அதிகாரி) பி1-ஆ (முதல் வாக்குப்பதிவு அலுவலர்), திரும்பி வர பஸ் இருக்குமா, பூத்துல பாத்ரூம் வசதி இருக்குமா. எல்லாமே நியாயமான கவலைங்கதான், அதுவும் லேடி டீச்சர்ஸுக்கு. ஆனா நம்ம ஓட்டு என்ன ஆகும்னு அந்த பேச்சுல யாரும் எடுக்கவே மாட்டாங்க. ட்ரெயினிங்ல குடுக்கற தபால் ஓட்டு ஃபார்ம "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஹேண்ட்பேக்ல மடிச்சு வச்சிட்டு அப்படியே விட்டவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அதுல நல்லா படிச்ச, க்ளாஸ்ல ஜனநாயகம் பாடம் நடத்துற ஆளுங்களும் உண்டு. ஊரையே வரிசையில நிக்க வச்சு ஓட்டு போட வைக்கிற நாம நம்ம ஓட்ட விடவே கூடாதுன்னு எனக்கு ரொம்ப பிடிவாதம் உண்டு, அதனாலதான் இத எழுதுறேன்.

முதல்ல ஏன் தபால் ஓட்டுன்னா, சட்டமன்ற தேர்தல்ல பொதுவா நம்ம சொந்த தொகுதியிலயோ வேலை பாக்கற தொகுதியிலயோ ட்யூட்டி போட மாட்டாங்க. கம்ப்யூட்டர் குலுக்கல்ல தொகுதி விழும், எந்த பூத்துன்னு முந்தின நாள்தான் தெரியும், அன்னைக்கு ராத்திரியே மெஷினோட பூத்துல தங்கிடணும். நடுவுல வீட்டுக்கு வந்து ஓட்டு போட்டுட்டு போறதுக்கு வழியே இல்ல. அதுக்குத்தான் ஃபார்ம் 12, தபால் ஓட்டு வேணும்னு கேட்டு குடுக்கற விண்ணப்பம்.

எம்பி எலெக்‌ஷன்ல இது கொஞ்சம் மாறும். தொகுதி பெருசுங்கறதால நாம ட்யூட்டி பாக்கற இடமும் நம்ம ஓட்டு இருக்கற இடமும் ஒரே பாராளுமன்ற தொகுதிக்குள்ள வர வாய்ப்பு இருக்கு. அப்ப ஃபார்ம் 12 தேவையில்ல, 12ஏ குடுக்கணும், அவங்க இடிசின்னு (எலெக்‌ஷன் ட்யூட்டி சர்டிபிகேட்) ஒண்ணு தருவாங்க, அத வச்சு நாம ட்யூட்டி பாக்கற பூத்துலயே மெஷின்ல ஓட்டு போட்டுக்கலாம். நம்ம பேர வாக்காளர் பட்டியலோட கடைசியில சேத்து எழுதிப்பாங்க. 2024-ல எங்க ட்ரெயினிங்ல இந்த ரெண்டு ஃபார்முக்கும் வித்தியாசம் தெரியாம பக்கத்து பெஞ்ச்ல என்ன எழுதுறாங்கன்னு பாத்து எழுதினவங்கதான் ஜாஸ்தி.

ஃபார்ம்ல கேக்கறது கொஞ்சம்தான், பேரு, தொகுதி, பாகம் எண், வரிசை எண், அட்ரஸ். இதுல பாகம் எண்ணும் வரிசை எண்ணும்தான் உயிர். என் கூட வேலை பாக்கற ஒரு சீனியர் சார், ரிட்டயர்மென்ட் நெருங்கினவர், போன எலெக்‌ஷனுக்கு எழுதி வச்ச துண்டு சீட்ட பர்ஸ்ல பத்திரமா வச்சிருந்தாரு, அதையே பாத்து எழுதிட்டு இருந்தாரு. பட்டியல் திருத்தத்துல நம்பர்லாம் மாறியிருக்கும் சார், ஒரு தடவ பாத்துடுவோம்னு சொல்லி போன்ல எபிக் நம்பர (வோட்டர் ஐடி நம்பர) போட்டு தேடினோம், பாகமும் மாறியிருக்கு வரிசையும் மாறியிருக்கு. பழைய நம்பரோட ஃபார்ம் போயிருந்தா அந்த இடத்துல வேற யாரோ ஒருத்தர் பேர் இருக்கும், சார் பேர் தபால் ஓட்டு லிஸ்ட்லயே ஏறாது. அவரு அந்த சீட்ட அங்கயே கிழிச்சு போட்டுட்டு புது நம்பர பொறுமையா ரெண்டு தடவ சரிபாத்து எழுதினாரு. அதுலேர்ந்து ஒவ்வொரு ட்ரெயினிங்லயும் நான் கொஞ்ச நேரம் முன்னாடியே போயிடுவேன், கேக்கறவங்களுக்கு நம்பர் தேடி குடுக்கறதுக்கு.

ஓட்டு போடற முறையும் இப்ப மாறிடுச்சு. 2021 வரைக்கும் பேலட்ட (தபால் வாக்குச்சீட்ட) வீட்டுக்கு எடுத்துட்டு போயி எண்ணிக்கை நாள் காலைல 8 மணிக்குள்ள போய் சேர்ற மாதிரி தபால்ல அனுப்பலாம். 2023-ல விதிய திருத்தினாங்க, இப்ப எலெக்‌ஷன் ட்யூட்டிகாரங்க அதுக்குன்னு வைக்கற மையத்துக்கு போய் அங்கயே வாங்கி, அங்கயே போட்டு, அங்கயே பெட்டியில சேக்கணும். நிறைய பேர் இத சிரமம்னு சொல்றாங்க, எனக்கு இதுதான் சரின்னு படுது. பேலட் வீட்ல கிடந்தா வீட்டுக்காரர் பாப்பாரு, தெரிஞ்சவங்க வந்து "யாருக்கு போட்டீங்க காட்டுங்க"ன்னு நிப்பாங்க, ரகசிய ஓட்டுன்னு சொல்றதுக்கு அங்க என்ன அர்த்தம் இருக்கு?

மையத்துல பேலட் பேப்பரோட 13ஏ, 13பி, 13சின்னு மூணு குடுப்பாங்க. 13ஏ உறுதிமொழி, அதுல நாம கையெழுத்து போட்டு அங்க இருக்கற அதிகாரிகிட்ட அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) வாங்கணும். 13பி சின்ன கவர், 13சி பெரிய கவர். மறைவா போய் பேலட்ல பேனாவால டிக்கோ பெருக்கல் குறியோ ஒரே ஒருத்தருக்கு நேரா போடணும், நோட்டாவும் அதுல இருக்கு. அப்புறம் பேலட் மட்டும் சின்ன கவர்ல போகும், ஒட்டிட்டு அந்த கவரையும் உறுதிமொழியையும் பெரிய கவர்ல வச்சு ஒட்டணும். உறுதிமொழிய சின்ன கவருக்குள்ள வைக்கவே கூடாது. பேலட்டோட சீரியல் நம்பர் 13ஏ-லயும் சின்ன கவர் மேலயும் ஒண்ணா இருக்கான்னு அங்கயே நின்னு பாத்துக்கணும். பேலட் பேப்பர்ல மட்டும் கையெழுத்து, இனிஷியல், எதுவும் வேண்டாம். நாள் பூரா நோட்டு திருத்தி திருத்தி பேப்பர பாத்தாலே கையெழுத்து போட்டு பழகின கை நம்மளுது, இதுல கவனமா இருக்கணும், யார் போட்டதுன்னு அடையாளம் தெரிஞ்சாலே அந்த ஓட்டு செல்லாது.

இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம், கவுன்டிங்ல தபால் ஓட்டு டேபிள்ல நான் உக்காந்திருக்கேன். காலைல 8 மணிக்கு முதல்ல தபால் ஓட்டுதான் எடுப்பாங்க. பெரிய கவர பிரிச்சதும் முதல்ல பாக்கறது உறுதிமொழிய. அது இல்லன்னாலோ, அட்டஸ்டேஷன் இல்லன்னாலோ, நம்பர் ஒத்துப் போகலன்னாலோ சின்ன கவர தொறக்கவே மாட்டாங்க. ஒரு கவர்ல எல்லாம் சரியா இருந்துச்சு, உறுதிமொழியில அழகான முத்து முத்தான கையெழுத்து, பாத்தாலே ஒரு டீச்சர் எழுத்துன்னு தெரியுது, அட்டஸ்டேஷன் இடம் மட்டும் வெறுமையா கிடந்துச்சு. வேட்பாளருங்களோட ஏஜென்ட்டுங்ககிட்ட காட்டிட்டு நிராகரிப்புன்னு எழுதி திரும்ப அந்த கவருக்குள்ளயே போட்டு ஒதுக்கி வச்சாங்க. யாருக்கு போட்டாங்கன்னு யாருக்குமே தெரியாம போயிடுச்சு. எனக்கு அன்னைக்கு முழுக்க மனசு கேக்கல.

ராதாபுரம் கதை தெரிஞ்சிருக்கும். 2016 சட்டமன்ற தேர்தல்ல அந்த தொகுதியில அதிமுக இன்பதுரை திமுக அப்பாவுவ 49 ஓட்டுல ஜெயிச்சாரு. அதுல 203 தபால் ஓட்ட செல்லாதுன்னு ஒதுக்கியிருந்தாங்க, காரணம் அட்டஸ்டேஷன் போட்டது நடுநிலைப்பள்ளி ஹெச்எம், அவருக்கு அந்த அதிகாரம் இல்லன்னு. கேஸ் ஹைகோர்ட்டுக்கு போயி 2019 அக்டோபர்ல மறுபடி எண்ண சொன்னாங்க, எண்ணவும் எண்ணினாங்க, ஆனா ரிசல்ட்ட வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, அதுக்குள்ள 2021 தேர்தலே வந்துடுச்சு. வித்தியாசம் 49, ஒதுக்கி வச்சது 203. "நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது"ன்னு ஸ்டாஃப் ரூம்ல யாராவது சொன்னா நான் இந்த ரெண்டு நம்பரத்தான் சொல்லுவேன்.

வீட்ல பெரியவங்க இருந்தா அவங்க வீட்லேர்ந்தே ஓட்டு போடறதுக்கு ஃபார்ம் 12டி. 2021-ல 80 வயசுக்கு மேலன்னு இருந்துச்சு, 2024-லேர்ந்து 85, அப்புறம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருக்கறவங்க. பிஎல்ஓ (பூத் லெவல் ஆஃபீசர்) ஃபார்ம வீட்டுக்கே கொண்டு வருவாங்க, தேர்தல் அறிவிக்கை வந்து 5 நாளைக்குள்ள குடுத்துடணும். அப்புறம் ஓட்டு வாங்க ஒரு டீம் வீட்டுக்கே வரும், அந்த டீம்ல ஒரு தடவ நானும் போனேன். கட்டில்ல படுத்திருந்த பாட்டி, மகன் பக்கத்துல வந்து நின்னதும் "நீ வெளிய போப்பா, நான் போட்டுக்கறேன்"னாங்க, அட்டை மறைப்ப மடியில வச்சு கை நடுங்க நடுங்க தானே குறி போட்டு தானே கவர ஒட்டினாங்க. டீம் வர்ற தேதிய முன்னாடியே சொல்லிடுவாங்க, ஆள் இல்லன்னா இன்னொரு தடவ வருவாங்க, அதோட சரி.

பெங்களூர்ல வேலை பாக்கற தம்பி தங்கச்சிங்க எங்களுக்கும் தபால் ஓட்டு உண்டான்னு கேக்கறாங்க, வெளியூர்ல வேலை பாக்கறதுக்காக கிடையாது, பஸ் புடிச்சு வந்துதான் ஆகணும்.

கடைசியா ரிசர்வ்ல (தேவைப்பட்டா கூப்பிட வச்சிருக்கற ஆளுங்க) இருக்கறவங்களுக்கு ஒண்ணு. தபால் ஓட்டு உங்க பேருக்கு குடுத்தாச்சுன்னா பட்டியல்ல உங்க பேருக்கு நேரா பிபின்னு (போஸ்டல் பேலட்) போட்டுடுவாங்க. தேர்தலன்னைக்கு ட்யூட்டி இல்லன்னு அனுப்பி வச்சாலும் உங்க ஊர் பூத்துல ஓட்டு போட விடமாட்டாங்க. அதனால ட்யூட்டி கன்ஃபார்ம் ஆகட்டும்னு காத்திருக்காம, மையம் நடக்கற நாள்லயே ட்ரெயினிங் முடிஞ்ச கையோட ஆர்டர் காப்பியும் வோட்டர் ஐடியும் எடுத்துட்டு போய் போட்டுட்டு வந்துடுங்க.