மலையேறியை வாங்கினேன், காற்றை மறந்தேன்: சைக்கிள் அணி நடத்திப் பார்த்த மூன்று சீசன்கள்

முதல் சீசன் முடிந்தபோது 24 அணிகளில் என் அணி 21-ஆவது இடத்தில் இருந்தது. எனக்குக் கீழே இருந்த மூன்று அணிகளில் இரண்டின் மேலாளர்கள் பாதியிலேயே விளையாட்டை விட்டுப் போய்விட்டவர்கள். ஆக, உண்மையில் விளையாடியவர்களில் எனக்குப் பின்னால் நின்றவர் ஒரே ஒருவர். அவருக்கு இன்றும் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இது இணையத்தில் சைக்கிள் பந்தய அணியை நடத்தும் விளையாட்டு. நாம் மிதிப்பதில்லை. 14 வீரர்களை ஏலத்தில் எடுத்து, சம்பளம் கொடுத்து, பயிற்சி அட்டவணை போட்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் எட்டுப் பேரைப் பொறுக்கி, எந்தக் கிலோமீட்டரில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஆணைத்தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்ஸின் புகழ்பெற்ற மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸிலும் 2018 முதல் ஓர் அணிக்கு எட்டுப் பேர்தான். அதற்கு முன் ஒன்பது. இரவு எட்டரைக்கு ஆணைத்தாள் பூட்டிக்கொள்ளும். ஒன்பதுக்குப் பந்தயம் தொடங்கும். அதன்பின் எழுத்தும் எண்ணுமாக நகரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. நிஜப் பந்தயத்தில் காரில் பின்னால் வரும் இயக்குநர் வானொலியிலாவது கத்தலாம்.

நான் செய்த முதல் காரியமே அகலக்கால் வைத்ததுதான். ஏலப் பட்டியலில் மலையேற்றத்துக்கு 91 மதிப்பெண் உள்ள ஒருவர் இருந்தார். அவருக்கு அடுத்தவர் 86. ஏலம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது வேறு ஒரு மேலாளர் விலையை ஏற்றினார், நானும் ஏற்றினேன், மறுபடி அவர். கடைசியில் அணியின் மொத்தச் சம்பள வரம்பில் 38 விழுக்காட்டை அந்த ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, வென்றுவிட்டோம் என்று இருந்தேன். மிச்சப் பணத்தில் பதின்மூன்று பேரை வாங்க வேண்டியிருந்தது. பட்டியலின் அடியில் கிடந்தவர்களை அள்ளிக்கொண்டேன். துணைக்குப் போகிறவர்கள்தானே, யாராக இருந்தால் என்ன என்ற நினைப்பு.

என்ன என்பது ஐந்தாவது வாரத்தில் தெரிந்தது. அது ஒரு வாரப் பந்தயம்: நாளுக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் இறுதிப் பட்டியல். மலை ஆறாம் கட்டத்தில்தான். மூன்றாம் கட்டம் முழுக்கச் சமதளம். ஆணைத்தாளில் எல்லோருக்கும் ‘கூட்டத்தோடு போ’ என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். 94-ஆவது கிலோமீட்டர் வரை திரையில் ஒரே வரி: ‘பெருங்கூட்டம், 168 பேர்.’ 97-இல் அது மூன்று வரியாயிற்று. முன் குழு 31 பேர், இரண்டாவது 58, மூன்றாவது 79. என் எட்டுப் பேரும் மூன்றாவதில். இடைவெளி 12 நொடி, 40 நொடி, ஒன்றரை நிமிடம் என்று விரிந்துகொண்டே போனது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது என் 91 மதிப்பெண் மலையேறி நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தார். மலை இன்னும் மூன்று நாள் தள்ளி இருந்தது. பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது.

பந்தயக் குறிப்பில் ஒரு மூலையில் ‘காற்று: இடப்பக்கம், பலமானது’ என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். அதற்கு என்ன பொருள் என்பதுதான் தெரியவில்லை.

அன்று இரவே தேடிப் படித்தேன். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுக்காகத் தர வேண்டிய திறன் எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எதிர்க்காற்றென்றால் நேர் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இடப்பக்கத்திலிருந்து அடித்தால் ஒளிவிடம் வலப்பக்கம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால் முதல் ஆள் சாலையின் இடது ஓரத்தைப் பிடிக்க, அடுத்தவர் அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்னால், அந்த அடுத்தவருக்கு வலப்புறம் இன்னொருவர் என்று சாய்வாக அணிவகுக்கிறார்கள். சாலையின் அகலம் முடியும் இடத்தில் வரிசையும் முடிந்துவிடும். அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வலது ஓரச் சாக்கடை விளிம்புதான். ஒளிவிடமும் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது. அவர்களில் ஒருவர் சக்கரத்தை விட்டால் பின்னால் இருப்பவர்கள் மொத்தமும் போயிற்று.

2013 டூர் டி பிரான்ஸின் 13-ஆம் கட்டம் இதற்குப் பேர்போனது. தூர் நகரிலிருந்து சென்-அமான்-மோன்ரோன் வரை 173 கிலோமீட்டர், மலையே இல்லாத பாதை. பக்கக் காற்றில் பெல்ஜிய அணி ஒன்று முன்னால் போய் முடுக்க, கூட்டம் துண்டு துண்டானது. ஒட்டுமொத்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த வால்வெர்தே தவறான நேரத்தில் சக்கரம் பழுதாகி, அன்று ஏறக்குறைய பத்து நிமிடம் இழந்தார். கடைசி 30 கிலோமீட்டர் அளவில் இன்னொரு போட்டியாளரான கொண்டதோரின் அணி மறுபடி கூட்டத்தை அறுத்து, ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் இருந்த ஃப்ரூமிடமிருந்து 1 நிமிடம் 9 நொடியைப் பிடுங்கியது. ஃப்ரூமுக்கு அன்று காலில் வலு குறையவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இரண்டாம் சீசனுக்கு முன் மலையேறியை விற்றேன். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. அவருக்குப் பதிலாக மலையேற்றம் 82 உள்ள ஒருவர். மிச்சத்தில் சமதள வீரர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் ஏலப் பட்டியலில் 17-ஆவதாக இருந்தவர். வயது 31, சமதளம் 74, மலை 52, ஸ்பிரிண்ட் என்னும் கடைசி நேரப் பாய்ச்சல் 40. கணினி உருட்டிப் போட்ட பெயர் வாயில் நுழையாததால் நான் அவரைப் பதினேழு என்றே அழைக்கிறேன். வேறு யாரும் விலை கேட்கவில்லை. அடிப்படை விலைக்கே வந்தார்.

அந்தச் சீசனில்தான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு பந்தயமும் முடிந்தபின் எட்டுப் பேருக்கும் எவ்வளவு சக்தி மீந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், தோற்ற பந்தயங்களில் என் துணைவீரர்கள் 40 விழுக்காடு சக்தியோடு கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். தலைவரிடம், அதாவது மற்றவர்கள் யாருக்காக உழைக்கிறார்களோ அந்த வீரரிடம், 31. யாரும் களைத்துத் தோற்கவில்லை. செலவழிக்க வேண்டிய இடத்தில் செலவழிக்காமல் கட்டிக் காத்துக் கொண்டுவந்து கோட்டில் கொட்டியிருக்கிறார்கள். கஞ்சத்தனம் வீரர்களுடையதல்ல, ஆணைத்தாள் எழுதியவனுடையது.

அதற்கு மாறாக எல்லாவற்றையும் அள்ளி இறைத்தாலும் ஆகாது. பல நாள் பந்தயத்தில் சக்தி 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மறுநாள் காலை முழுதாகத் திரும்புவதில்லை. எனவே இப்போது தலைகீழாகக் கணக்குப் போடுகிறேன்: கோட்டில் தலைவரிடம் 12 இருக்க வேண்டும், துணைவீரர்களிடம் 15. அங்கிருந்து பின்னோக்கி நடந்து, யார் எந்தக் கிலோமீட்டர் வரை காற்றில் நிற்பது என்று பிரிக்கிறேன். செங்குத்தான ஏற்றத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும். பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலைப்பாதை போல 13.8 கிலோமீட்டர் நீளம், எட்டு விழுக்காடு சரிவு என்றால் வேகம் பாதியாகிவிடுகிறது. பின்னால் ஒளிந்து மிச்சம் பிடிப்பதற்கு அதிகம் இல்லை. ஆகவே துணைவீரர்களின் வேலை மலையடிவாரத்தில் முடிந்துவிட வேண்டும். தலைவரை முதல் இருபது பேருக்குள் அடிவாரத்தில் இறக்கிவிட்டால் போதும், அதன்பின் அவர் பாடு.

இடையில் ஒரு கூட்டணி அனுபவம். முன்னால் தப்பி ஓடிய ஐவர் குழுவைத் துரத்த வேண்டிய ஒரு கட்டத்துக்கு முன், இன்னொரு மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்: “நண்பரே, நாளை துரத்துவதற்கு நான் இருவரைத் தருகிறேன், நீங்களும் இருவரைத் தாருங்கள்.” “கட்டாயம், சொல்லவே வேண்டாம்” என்று உடனே பதில் வந்தது. சொன்னபடியே இருவரை அனுப்பினார். சமதளம் 48, சமதளம் 51. பத்தாவது கிலோமீட்டரில் இருவரும் காணாமல் போனார்கள். என் இருவரும் 110 கிலோமீட்டர் காற்றில் நின்று அந்தக் குழுவைப் பிடித்தார்கள். கடைசியில் ஸ்பிரிண்டில் வென்றது அவருடைய ஆள். மறுநாள் அவர் வாழ்த்துச் செய்தி வேறு அனுப்பினார். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் நான் “இருவர்” என்றுதான் எழுதினேன், எப்பேர்ப்பட்ட இருவர் என்று எழுதவில்லையே.

மூன்றாம் சீசனில் முதன்முறையாக மூன்று வாரப் பந்தயத்துக்குத் தகுதி கிடைத்தது. 21 கட்டம், 21 இரவு. இதில் எனக்கு மறக்க முடியாதது 14-ஆம் கட்டம். மூன்று மலை. பதினேழை முதல் மலைவரை வேலை வாங்கிவிட்டு, அதன்பின் ‘பின்தங்கியோர் குழுவோடு சேர்ந்து வா’ என்ற ஆணையை எழுத மறந்துவிட்டேன். மலையேறத் தெரியாதவர்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கால வரம்புக்குள் கோட்டைத் தொட மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் குழு அது. ஆணை இல்லாததால் அவர் முன்னால் இருப்பவர்களைப் பிடிக்க முயன்று, இரண்டாவது மலையில் சக்தி தீர்ந்து, தனி ஆளாகிவிட்டார்.

முதலில் வந்தவரின் நேரம் 4 மணி 52 நிமிடம் 10 நொடி. அன்றைய கால வரம்பு 12 விழுக்காடு. அதாவது முதலில் வந்தவருக்குப் பின் 35 நிமிடம் 3 நொடிக்குள் வந்தாக வேண்டும். என் தலைவர் ஏழாவதாக வந்ததைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. திரையின் அடியில் ஒற்றை வரி: ‘1 வீரர், 6 கி.மீ. மீதம், சக்தி 3.’ பிறகு 4 கி.மீ., சக்தி 2. பின்தங்கியோர் குழு 29 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 2 கி.மீ. மீதம். சக்தி 1. அந்த வரி நீண்ட நேரம் அசையவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. 34 நிமிடம் 41 நொடியில் கோட்டைத் தாண்டினார். வரம்புக்கு 22 நொடி மீதம். கணினி உருட்டிப் போட்ட எண்களுக்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.

ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்தா, அதுவும் 2016-ஆம் ஆண்டினது, நினைவுக்கு வந்தது. ஃபோர்மிகால் ஏற்றத்தில் முடிந்த அந்தக் கட்டத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் கால வரம்பைத் தாண்டி வந்தார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் பந்தயமே நடக்காது என்பதால் நடுவர்கள் தொடர அனுமதித்தார்கள். கூட்டமாகத் தாமதித்தால் மன்னிப்பு உண்டு. தனியாகத் தாமதித்தவருக்கு என் விளையாட்டில் அதுவும் கிடையாது.

இறுதிப் பட்டியலில் என் தலைவர் நான்காவது. மூன்றாவது வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி மூன்று நொடி. மூன்று வாரத்துக்கு மூன்று நொடி! நோட்டைப் புரட்டினேன். ஆறாம் கட்டம் ஒரு சின்னக் குன்றின் உச்சியில் முடிந்தது. முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 என்று சலுகை நொடிகள், மொத்த நேரத்தில் கழித்துக்கொள்ள. என் ஆள் 22 விழுக்காடு சக்தியை வைத்துக்கொண்டு நான்காவதாக வந்திருக்கிறார். மூன்றாவதாக வந்து நான்கு நொடியை எடுத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, இறுதியில் என்னை முந்தியவரேதான். அன்று இருவரும் இடம் மாறியிருந்தால் கணக்கு எட்டு நொடி புரண்டிருக்கும். 1989-இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்றதும் அதே எட்டு நொடியில்தான். கடைசி நாள் ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் 24.5 கிலோமீட்டர் தனிநேரப் போட்டியைத் தொடங்கும்போது, முதலிடத்தில் இருந்த ஃபின்யோனைவிட 50 நொடி பின்னால் இருந்தார். முடிக்கும்போது 8 நொடி முன்னால். ஃபின்யோனும் தனக்கு எங்கே போயிற்று அந்த எட்டு நொடி என்று நோட்டுப் புரட்டியிருப்பாரோ என்னவோ.

ஆணைத்தாளில் ஆறாம் கட்டத்துக்கு நான் எழுதியிருந்தது: ‘சேமித்துக்கொள்.’

நான்காம் சீசன் தொடங்கி இரண்டு வாரமாகிறது. பதினேழுக்கு 33 வயது. சமதளம் 74-இலிருந்து 71-க்கு இறங்கிவிட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அதே விலைக்கு 24 வயதில் 73 உள்ள ஒருவர் கிடைத்தார். அறிவுள்ளவன் எவனும் இளையவரைத்தான் எடுத்திருப்பான். நான் பதினேழுக்கே கையெழுத்துப் போட்டேன். இதை நோட்டில் எழுதவில்லை.

இன்றைய கட்டம் 172 கிலோமீட்டர், சமதளம். தெற்கிலிருந்து பலமான காற்று. 61-ஆவது கிலோமீட்டர் வரை பாதை வடக்கே போகிறது, காற்று முதுகுக்குப் பின்னால். அங்கே ஒரு பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்புகிறது. 58-இலிருந்து ஐந்து துணைவீரர்களும் முன்வரிசையில், திரும்பியதும் இடது ஓரம், முதல் ஆள் பதினேழு, 80 வரை முழு வேகம், கோட்டில் அவரிடம் எவ்வளவு மீந்தாலும் சரி. தலைவர் ஆறாவது சக்கரத்தில். மணி எட்டு இருபது. இன்னும் பத்து நிமிடத்தில் தாள் பூட்டிக்கொள்ளும். பின்தங்கியோர் குழு ஆணையை எழுதியிருக்கிறேனா என்று இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்.