நாலாவது பெட்டி

"நீங்க சொல்லுவீங்களா சிஸ்டர்?" என்று எங்கள் வோட்டுக்குப் புதிதாக வந்த தம்பிலுவில் ஊர் நேர்ஸ் பிள்ளை கேட்டது குத்திக்காட்டத்தான் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. இரவு டியூட்டி முடிந்த களைப்பு, இந்த மனுசி எப்போது விடும், எப்போது பஸ் பிடிப்பது என்ற யோசனை, இவ்வளவுதான் முகத்தில் தெரிந்தது. "சொல்லுவன்தானே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலா என்பதில்தான் இன்னும் நிற்கிறேன்.

ஐம்பதை நெருங்குகிற வயதில் சுகாதாரத் தலைமைத்துவம் படிக்கப் போனதற்கு வீட்டில் காரணம் கேட்டார்கள். வோட்டில் கேட்கவில்லை, கதைத்திருப்பார்கள். வார இறுதியில் சூம் வகுப்பு, ஆங்கிலத்தில் அசைன்மென்ட், மேற்கோள் போடும் முறைக்கு மகளிடம் கெஞ்சல். வளர்ந்தவர்கள் படிக்க வரும்போது அவர்களுடைய அனுபவமே கற்றலுக்கு மூலதனம் என்று வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதிய மல்கம் நோல்ஸ் சொன்னதை முதல் வகுப்பிலேயே எடுத்தார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த அனுபவம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டத்துக்குள் எழுதுங்கள், அந்த வட்டத்துக்குள் எழுதுங்கள் என்றுதான் வந்தது. குறை சொல்லவில்லை, கட்டம் இல்லாவிட்டால் நான் நாற்பது பக்கம் எழுதியிருப்பேன்.

வேலைத்தலத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு அசைன்மென்ட். நான் எஸ்பார் (SBAR) என்ற தகவல் சொல்லும் முறையை எடுத்தேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை அது. நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் பரிந்துரை என்று நாலும் வரிசையாகச் சொல்ல வேண்டும். டொக்டருக்கு ஃபோன் எடுக்கும்முன் நிரப்ப வேண்டிய நாலு பெட்டிகளை அரைத் தாளில் அடித்து, கட்டாகத் தைத்து, ஃபோனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். பிள்ளைகள் மறுப்பில்லாமல் நிரப்பினார்கள். படிக்கிற சிஸ்டர் சொன்னால் நிரப்பத்தானே வேண்டும்.

மாரி காலம், டெங்கு. 2017இல் இலங்கை முழுவதும் நோயாளிகள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் என்று போனதைப் பார்த்த எங்களுக்கு அந்த மாதங்கள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். சொந்தக்காரர்கள் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்பார்கள், பப்பாசி இலைச் சாற்றைப் போத்தலில் கொண்டுவருவார்கள். நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. காய்ச்சல் விட்டதும் வீட்டார் சிரிப்பார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். அப்போது பிரஷரின் மேல் இலக்கம் நல்ல பிள்ளைபோல நிற்கும். கீழ் இலக்கம் மெல்ல மெல்ல ஏறி அதைத் தொடப் பார்க்கும். இரண்டுக்கும் இடைவெளி இருபதுக்கு வந்துவிட்டால் அது ஷொக். நோயாளி எழும்பி உட்கார்ந்து நம்மோடு கதைத்துக்கொண்டும் இருப்பான்.

அன்றிரவு ஒரு பொடியனுக்கு அதுதான். மாலையில் 110க்கு 70. நள்ளிரவில் 104க்கு 78. இரண்டு மணிக்கு 100க்கு 82, நாடித்துடிப்பு 116, கை சில்லென்று. தம்பிலுவில் பிள்ளை எல்லாவற்றையும் அளந்தாள், எழுதினாள், ஃபோன் எடுத்தாள், ஒன்றும் விடாமல் வாசித்தாள். மறுபக்கம் டொக்டர் பாதி சிங்களம் பாதி ஆங்கிலத்தில், அதே ட்ரிப் போகட்டும், பிறகு சொல்லுங்கள் என்றிருக்கிறார். அவரை நான் நோகமாட்டேன். எத்தனையோ மணித்தியாலமாக விழித்திருப்பவருடைய காதில் 100 என்பது பயமில்லாத இலக்கமாகத்தான் விழும். பக்கத்து வோட் மூத்த நேர்ஸ் எதையோ இரவல் வாங்க வந்தவள், சார்ட்டைப் பார்த்துவிட்டுத் தானே ஃபோனைத் தூக்கி "சேர், வந்து பாருங்க" என்றாள். உடனே வந்தார். பொடியன் பிறகு தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனான்.

காலையில் அந்தத் தாளைப் பார்த்தேன். மூன்று பெட்டியும் முத்து முத்தான எழுத்து. நாலாவதில் பேனா முனை பட்ட ஒரு நீலப் புள்ளி. எழுதப் போய் நிறுத்தியிருக்கிறாள்.

"இதில என்ன எழுதியிருக்கலாம்?"

"வந்து பாருங்க எண்டு."

"தெரிஞ்சிரிக்கு. மறுகா ஏன் எழுதல்ல?"

"எழுதினா சொல்லணுமே சிஸ்டர். டொக்டருக்கு நாம சொல்றதா?" கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சொல்லுவீங்களா? பெரிய டொக்டரிட்ட?"

நான் சொல்லுகிறேன்தான். என் வழி வேறு. ரவுண்டில் ஒரு மருந்து ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், "சேர், போன கிழமை பதினோராம் கட்டில் ஐயாவுக்கும் இப்படித்தான் வந்தது, நீங்கள் அன்றைக்கே நிறுத்திவிட்டீர்கள்" என்பேன். அவர் ஒரு நிமிசம் யோசித்து, "இதையும் நிறுத்துங்கள்" என்பார். யோசனை அவருடையதாகிவிடும், நோயாளிக்கு நடக்க வேண்டியது நடந்துவிடும், ஒருவருக்கும் முகம் சுருங்காது. என்னைப் பழக்கிய சிஸ்டர்மார் அப்படித்தான் செய்தார்கள், யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. ரவுண்டில் என் பின்னால் ட்ரொலி தள்ளி வருகிற பிள்ளைக்கு அது பரிந்துரை என்றே தெரியாது. தெரியாமல் செய்வதில்தானே கெட்டித்தனம்.

ஆனால் இந்த வித்தை நேரில், பகலில், பழகிய ஆளிடம் செய்வது. நேற்று வந்த பிள்ளைக்கு அதிகாலை இரண்டு மணிக்கு, தனக்கு முழுசாக வராத மொழியில், முகம் தெரியாத டொக்டரிடம் இது உதவாது. இலக்கத்தை எந்த மொழியிலும் வாசித்துவிடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, வாருங்கள் என்பதற்குத்தான் தைரியம் வேண்டும். நாலாவது பெட்டி அப்படிப்பட்டவர்களுக்குத்தான், அதை வைத்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிசமே, நீ ஒருநாளும் நிரப்பாத பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாயே என்றும் தோன்றும். நேரடியாகச் சொல்லிப் பார்க்கலாமே என்றால், எதற்கு? என் வழி இதுவரை ஒரு நோயாளியையும் கைவிட்டதில்லை. கைவிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு விசயம்.

இந்த யோசனையோடுதான் வேலைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மன்சனைப் படித்தேன். நன்றாக நடக்கிற தாதியர் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன, ஏனென்றால் அங்கே வாய் திறக்கப் பயமில்லை என்று அந்த அம்மையார் கண்டது. எங்கள் வோட்டில் பிழையைப் பதிகிற படிவம் வருவதே அபூர்வம். அதை நான் நல்ல பெயராக நினைத்திருந்த ஆள். புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

அசைன்மென்டை, அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிற கிப்ஸின் 1988ஆம் ஆண்டு வட்டத்தில் எழுதச் சொன்னார்கள். நடந்தது, உணர்ந்தது, மதிப்பிட்டது, ஆராய்ந்தது, முடிவு, அடுத்த திட்டம். நடந்ததை எழுதினேன், நீலப் புள்ளியைக்கூட எழுதினேன். அவள் கேட்டதை எழுதவில்லை. வகுப்பில் பாதிப் பேர் கிழக்கு மாகாணம், எந்த வோட், எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அது உண்மையான காரணம்தான். அதோடு, அந்தக் கேள்வியை எழுதினால் ஆராய்ந்தது என்ற பகுதியில் அவளை விட்டுவிட்டு என்னை ஆராய வேண்டியிருக்கும். நல்ல மார்க்ஸ் வந்தது. மாற்றத்தைத் தெளிவாக வழிநடத்தியிருக்கிறீர்கள் என்று குறிப்பும் வந்தது. மகள் சத்தமாக வாசித்தாள்.

அசைன்மென்ட் முடிந்த பிறகும் தாளை எடுக்கவில்லை. இப்போது நாலாவது பெட்டி நிரம்புகிறது, அந்தப் பிள்ளையுடையதும். எனக்குப் பெருமையாகவே இருந்தது. போன மாதம் ரவுண்டுக்கு முந்தி அந்த இரவு டொக்டர் என்னிடம் வந்து, "சிஸ்டர், ராத்திரி ஆறாம் கட்டிலுக்கு என்னை வரச் சொல்லச் சொன்னீர்களாமே, நல்ல நேரத்தில் வந்தேன்" என்றார்.

ராத்திரி நான் கல்லடியில் வீட்டில் நித்திரை. ட்ரொலிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை சார்ட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஓம் சேர்" என்றேன்.