மாப்பையில் வந்த மாத்திரைகள்

நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்த காலம். வார்டில் சேருகிறவர்களிடம் வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொல்வோம். பெரும்பாலும் கிளினிக் கொப்பி மட்டும் வரும். ஒருநாள் ஒரு மகன் கோதுமை மாப்பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வயது ஐம்பது தாண்டியிருக்கும். மூச்சு வாங்கி, இரண்டு காலும் வீங்கி, முதல்நாள் இரவு தோட்டத்து லொறியில் ஏற்றி வந்திருந்தார்கள்.

உறை உறையாகப் பிரித்து எண்ணினேன். ஆஸ்பிரின் உறையைத் திறந்ததும் வினாகிரி வாடை. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சிதைந்து அந்த அமிலம்தான் வெளிவரும். மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரே கசியும்போது காகித உறை எம்மாத்திரம்? சில உறைகளில் ஒரே மருந்து இரண்டு நிறத்தில் இருந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவான நாளிலிருந்து கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பொதுப்பெயரில், மலிவு விலையில் மருந்து வாங்குகிறோம். ஏழைக்கு அது பெரும் கொடை. ஆனால் கம்பனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும் என்று கவுண்டரில் நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. புது நிறத்தைக் கண்டு பயந்து ஒதுக்கி வைத்தவர்கள் எத்தனை பேரோ.

அதிகம் மிஞ்சியிருந்தது நீர் போகக் கொடுக்கும் ஃபுருசமைட். 28 நாள் கணக்கில் ஆறு முறை கொடுத்தது 168. மிச்சம் 139.

"ஏம்மா, குடிக்காமல் இருக்கவா வாங்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரணத்தைச் சொன்னது வார்டில் வேலை செய்த அக்கா. அவரும் தோட்டத்துப் பிள்ளை. அந்த மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்ட ஆரம்பிக்கும், ஐந்தாறு மணி நேரம் விடாது. "மலையில ஒதுங்க எடம் ஏதுங்க? கங்காணி நிக்கிறாரு. அடிக்கடி எறங்கிப் போனா கொழுந்து கொறையும், அரப் பேருதான் விழும்." அரப் பேரு என்றால் அரைநாள் சம்பளம். வேலையில்லாத ஞாயிறும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் மட்டும் குடித்திருக்கிறார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், 29 நாள். கணக்குச் சரியாக வந்தது.

"காலையில் ஒன்று" என்று ஆறு மாதமும் உறையில் எழுதியது நான். காலையில் அவர் எங்கே நிற்பார் என்று ஒருமுறையாவது கேட்டேனா?

டாக்டரிடம் சொன்னேன். மலையிலிருந்து வந்ததும், மாலை ஐந்து மணிக்குப் போடும்படி மாற்றிக் கொடுத்தார்.

மாப்பையிலிருந்த எதையும் திரும்ப அலுமாரியில் வைக்க முடியாது. எந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்ததென்று யார் அறிவார்? எழுதி வைத்துவிட்டு எரிப்பதற்கு அனுப்பினோம். வீட்டில் மிஞ்சுவதைச் சிலர் அடுப்பில் போடுகிறார்கள், சிலர் கானில் கொட்டுகிறார்கள். லயத்துக் கான் ஓடையில் சேரும். அந்த ஓடைதான் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர். 2022இல் நாடு முழுக்க மருந்துக்குத் தவித்தபோது, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்த ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மாப்பைதான் நினைவுக்கு வந்தது.

அந்த மாப்பையைப் பார்த்த பிறகு உறை கொடுக்குமுன் "எத்தனை மிச்சம்? ஏன் மிஞ்சியது?" என்று கேட்கத் தொடங்கினேன். திட்டுவார்களோ என்ற பயம் போக மாதங்கள் ஆயின. மூடி இறுகும் ஜாம் போத்தலில் போட்டுவைக்கச் சொன்னேன்.

அந்த அம்மா போத்தலோடு வந்தார்.

"மூணு மிச்சமுங்க ஐயா. கொழுந்து நிறுத்து வர இருட்டிப் போச்சு, அந்த மூணு நாளும் போடல."

கால் வீக்கம் வற்றியிருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, 25 எண்ணிக் கொடுத்தேன்.