மட்டக்களப்பிலிருந்து குளுக்கோமா ஒப்பரேஷனுக்குப் போகும்போது

அம்மாவுக்குக் குளுக்கோமா, கண்ணுக்குள் பிரஷர் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். வலது கண்ணில் ஒப்பரேஷன் முடிந்து கண் பிரஷர் இப்போது 12. நிம்மதிதான். ஆனாலும் கொழும்பில் முதல் தடவை திருப்பி அனுப்பினது இன்னும் ஆறவில்லை. "ஃபீல்ட் டெஸ்ட் பேப்பர் இல்லாம திகதி போட ஏலாது அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஃபீல்ட் டெஸ்ட் என்பது பார்வைப் புலத்தை, அதாவது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை, மெஷினில் அளப்பது. ஊர்க் கிளினிக் கொப்பியில் முடிவு எழுதியிருந்தது. மெஷினில் வந்த தாளை யாரும் எங்கள் கையில் தரவில்லை.

அந்தத் தாளைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒப்பரேஷன் வேண்டுமா என்பதைப் பிரஷர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்வைப் புலம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் தாளைக் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் ஃபோனில் படமாவது எடுங்கள். எந்தச் சொட்டு மருந்து எப்போது தொடங்கியது, எது ஒத்துவரவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்து தந்த டொக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். வார்ஃபரின் என்றால் புதிய ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) முடிவும் வேண்டும். இதற்காகவும் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எந்த ஒப்பரேஷன் என்று பேசும்போது, நீங்கள் இருப்பது களுவாஞ்சிகுடியிலா பொத்துவிலிலா, எவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும் என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ட்ரபெகுலெக்டமி என்ற ஒப்பரேஷனில் மேல் இமைக்குக் கீழே கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு மூடி வெட்டி, கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வழி செய்கிறார்கள். அந்த வழி தழும்பேறி அடைபடாமல் மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பார்கள். மூடியின் தையலை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாகப் போட்டு, பிறகு வரும் கிழமைகளில் பிரஷரைப் பார்த்துப் பார்த்து லேசரால் வெட்டுவார்கள் அல்லது இழுத்து எடுப்பார்கள். பிந்தினால் தழும்பு முந்திவிடும். முதல் மாதம் அடிக்கடி வரச் சொல்வது இதற்காகத்தான். "தையல் தளர்த்துறத மட்டக்களப்பிலேயே செய்யலாமா டொக்டர்?" என்று ஒப்பரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ஆம் என்றால் கடிதம் கையில் வேண்டும்.

கண் நீர் வெளியேறச் சிறு டியூப் வைத்துக்கொள்பவர்களுக்கு வேறு குழப்பம் வரும். அஹ்மத் டியூபில் வால்வு உண்டு, உடனே வேலை செய்யும். பேர்வெல்ட் டியூபிலும், மதுரையில் தயாரிக்கும் ஆரோலேப் டியூபிலும் வால்வு இல்லை. கரையும் நூலால் கட்டிவைப்பார்கள். ஐந்து, ஆறு கிழமையளவில்தான் அது திறக்கும். மூன்றாம் கிழமையில் பிரஷர் கூடவே இருந்தால் ஒப்பரேஷன் சரிவரவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அதுவரை பழைய சொட்டு மருந்தை விடக் கூடாது. திறக்கும் நாட்களில் பிரஷர் சடாரென்று இறங்கிப் பார்வை மங்கலாம், அப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும். கண்புரை ஒப்பரேஷனோடு வைக்கும் ஐஸ்டென்ட் என்ற மிகச் சிறிய குழாய் ஆரம்ப, நடுத்தர நிலைக்குத்தான் பொருந்தும். எது செய்தாலும் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பதுதான் நோக்கம்.

ஒப்பரேஷன் நாள் சுலபமாகப் போனது. வீட்டுக்கு விட்டபோது தந்த கார்டில்தான் அடுத்த வில்லங்கம்: "மருந்தைத் தொடரவும்" என்று மட்டும் இருந்தது, எந்தக் கண்ணுக்கு என்று இல்லை. ட்ரபெகுலெக்டமிக்குப் பிறகு அந்தக் கண்ணுக்குப் பழைய பிரஷர் மருந்தைப் பெரும்பாலும் நிறுத்துவார்கள், மற்றக் கண்ணுக்குத் தொடர வேண்டும். பிரஷரைக் குறைக்கும் டயமொக்ஸ் குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்றும் தனியாகக் கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்தையும், குளிசையையும் நிறுத்திவிட்டு வந்து, நல்ல கண்ணைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வார்டை விட்டு வெளியே வருமுன் நர்ஸ் மிஸ்ஸிடம் ஒவ்வொரு போத்தலிலும் "வலது", "இடது" என்று எழுதி வாங்குங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு தரும் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோய்ட் சொட்டு மருந்தை நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள், போத்தல் முடிந்தது என்று இடையில் விட்டால் தழும்பேறும்.

கிணற்றடியில் தலைக்கு வாளியால் ஊற்றுவது, வாவியில் இறங்குவது, சூடடிக்கும் வயல் தூசு எல்லாவற்றையும் டொக்டர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள். வருடங்கள் கழித்தும்கூட அந்தக் கண் சிவந்து, நொந்து, பீளை தள்ளினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் வார்டுக்குப் போய், "குளுக்கோமா ஒப்பரேஷன் செய்த கண்" என்று முதலில் சொல்லுங்கள்.